காடாகிய வளவும் கத்தரிக்கும் கத்தியும்: மேலே வெட்டுவது வேருக்கு என்ன செய்கிறது?



நீண்டகாலம் ஆளில்லாது கிடந்த வளவுக்குத் திரும்பும் ஒருவர் முதலில் கையில் எடுப்பது கத்தியையும் கோடரியையுமே. அதில் பிழையில்லை. வாசலைக் காண்பதற்கே பற்றை வெட்ட வேண்டியுள்ளது. ஆனால் பற்றையை வெட்டி முடிந்த கை, ஓய்வெடாமல் மரத்துக்குப் போய்விடுகின்றது. இருபது ஆண்டுகளாக எவரும் தொடாத மாமரம் கூரைக்கு மேலே கவிந்து நிற்கிறது. கத்தரிக்காய்ப் பாத்திக்கு வெயில் இல்லை. அடுப்புக்கு விறகு வேண்டும். ஒரே நாளில் மரத்தின் தலை முழுவதும் நிலத்துக்கு வந்துவிடுகிறது.

அடுத்த மழைக்கு மரம் துளிர்க்கிறது. வீட்டார் மகிழ்கின்றனர். அதற்கு அடுத்த ஆண்டு துளிர்கள் நுனியிலிருந்து கருகுகின்றன. அடிமரத்தில் கறையான் ஏறுகின்றது. மூன்றாம் ஆண்டு காற்றுக்கு மரம் சரிகின்றது. “நன்றாகத்தானே துளிர்த்தது, பிறகு ஏன் பட்டது?” என்று பலர் எம்மிடம் கேட்டிருக்கிறார்கள். விடை மண்ணுக்குக் கீழே இருக்கிறது. அதை விளங்கிக்கொள்வதே இந்தப் பாடத்தின் நோக்கம்.

1. ஏன் இதைப் படிக்க வேண்டும்?

எமது மக்கள் காணியை விட்டுப் போனது ஒரு தடவை அல்ல. 1990 ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறிய குடும்பங்களில் பல, இருபது ஆண்டுகளுக்கு மேல் சென்ற பின்னரே தம் காணியில் கால் வைத்தன. அதே ஆண்டு ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களின் வளவுகளும் அவ்வாறே கிடந்தன. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் நடந்தது. 2008, 2009 ஆம் ஆண்டுகளில் வன்னி மக்கள் வீடு, வயல், தோட்டம் யாவற்றையும் விட்டு முள்ளிவாய்க்கால் வரை சென்றார்கள். இன்னும் சிலர் உறவினர் காணியிலும் இரவல் காணியிலும் காத்திருக்கின்றனர்.

திரும்பியவருக்கு வீட்டில் மிஞ்சியது பெரும்பாலும் சுவர்கள்தான். கதவு, நிலை, ஓடு எல்லாம் போய்விட்டன. தப்பி நிற்பது மரமே. ஒரு கறுத்தக்கொழும்பான் ஒட்டுக்கன்றை இன்று நட்டால் காய் காண நான்கைந்து ஆண்டுகள் வேண்டும். நிறைந்த காய் காணப் பத்து ஆண்டுகளுக்கு மேல் வேண்டும். ஆகவே நிற்கின்ற மரம் என்பது தாயும் தந்தையும் எமக்காகச் செலவிட்டுவிட்ட பத்து, இருபது ஆண்டுகள். விறகு வியாபாரி வந்து முழுமரத்துக்கும் விலை சொல்லும்போது, அவர் விலை பேசுவது விறகுக்கு மட்டுமே. அந்த ஆண்டுகளுக்கு அவரிடம் விலை இல்லை. கையில் காசில்லாத வேளையில் இதை நினைத்துப் பார்ப்பது கடினம் என்பதை நாம் அறிவோம். அதனாலேயே மரத்தையும் காத்து விறகும் எடுக்கும் வழியை இங்கே தருகின்றோம்.

2. நிலத்துக்கு மேலும் கீழும் ஒரே குடும்பம்

மரத்தை ஒரு குடும்பமாக எண்ணிக்கொள்வோம். வேர் வெளியே சென்று தண்ணீரும் உப்புச் சத்துகளும் கொண்டுவருகிறது. இலை அடுப்படியில் நின்று, வெயிலின் துணையோடு சமைக்கின்றது. இதையே பாடசாலையில் ஒளித்தொகுப்பு என்று படிக்கின்றோம். சமைத்த உணவு பட்டையின் உட்புறத்தால் இறங்கி வேருக்குப் போகின்றது. வேர் தனக்கான உணவைத் தானே ஆக்கிக்கொள்ள முடியாது. இலை அனுப்பினால் மட்டுமே அது உண்ணும்.

மிஞ்சிய உணவை மரம் மாப்பொருளாக அடிமரத்திலும் கிளையிலும் தடித்த வேரிலும் சேமித்து வைக்கின்றது. நாம் கோர்க்காலியில் நெல்லை வைத்திருப்பது போன்றது இது. வறட்சியிலும் நோயிலும் மரம் இந்தச் சேமிப்பை எடுத்தே உயிர் பிழைக்கும்.

வேர் எங்கே இருக்கின்றது என்பதிலும் எம்மவரிடையே தவறான எண்ணம் உண்டு. மேலே உள்ள மரத்தின் அளவுக்குக் கீழேயும் ஆழமாக வேர் இருக்கும் எனப் பலர் நினைக்கின்றனர். விதையில் முளைத்த மாமரத்துக்கு ஆணிவேர் உண்டு என்பது உண்மை. ஆனால் தண்ணீரையும் சத்தையும் உறிஞ்சும் மெல்லிய வேர்களில் பெரும்பகுதி மேல் 2 அடி மண்ணுக்குள்ளேயே பரந்திருக்கும். அவை கிளைகளின் நிழல் விழும் எல்லையையும் தாண்டிப் போகும். அந்த எல்லையைப் போல் இரு மடங்கு தூரம் செல்வதும் சாதாரணம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல் கிடக்கின்றது. சில இடங்களில் ஓரிரு அடியிலேயே மண்வெட்டி கல்லில் முட்டும். அங்கே வேர் கல் வெடிப்புகளால் சிறிது இறங்கினாலும், உறிஞ்சும் வேர் எல்லாம் மேலேதான்.

3. கிளையை வெட்டும்போது வேரில் நடப்பது

இப்போது அந்த மாமரத்தின் தலை முழுவதையும் வெட்டிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். மண்ணுக்குக் கீழே ஒன்றன்பின் ஒன்றாக நடப்பவை இவை:

முதலாவது, அடுப்பு அணைந்துவிடுகின்றது. இலை இல்லாததால் புதிய உணவு வேருக்கு இறங்குவது நின்றுபோகின்றது.

இரண்டாவது, மெல்லிய வேர்கள் பட்டினியால் மடிகின்றன. தடித்த வேர் சேமிப்பில் வாழும். மயிர் போன்ற வேர்களுக்குச் சேமிப்பு இல்லை. தண்ணீரை உறிஞ்சுபவை அவையே.

மூன்றாவது, மரம் இலையை மீண்டும் உண்டாக்க முயல்கின்றது. வெட்டிய இடத்தைச் சுற்றியும் அடிமரத்திலும் உறங்கிக் கிடந்த அரும்புகள் கண்விழித்துக் கொத்துக்கொத்தாகத் துளிர்க்கின்றன. இந்தத் துளிர்களுக்கு வேண்டிய உணவு கோர்க்காலி நெல்லிலிருந்தே வருகின்றது. நாம் பச்சையைக் கண்டு மகிழும் அதே நாட்களில் மரம் தன் கடைசிச் சேமிப்பைக் கரைத்துக்கொண்டிருக்கலாம். துளிர்ப்பது நலத்தின் அடையாளம் மட்டுமல்ல. அவசரத்தின் அடையாளமாகவும் இருக்கக் கூடும்.

நான்காவது, இலைகள் முற்றித் தமக்குப் போதிய உணவை ஆக்கிய பின்னரே மீதி வேருக்கு இறங்கும். அதுவரை வேரின் வளர்ச்சி தடைப்பட்டு நிற்கும். அந்த இடைவெளியில் கடும் வெயில், வறட்சி, கறையான், பங்கசு ஆகியவற்றில் ஏதாவது வந்தால் எதிர்த்து நிற்க மரத்திடம் பலம் இல்லை. உழைப்பாளி இருவரும் நோயில் விழுந்த வீட்டில் கடனும் வந்து சேர்வது போன்ற நிலை அது.

ஆகவே நாம் மனதில் இருத்த வேண்டிய விதி ஒன்று: மரம் வெட்டைத் தாங்குமா என்பது எஞ்சும் இலையையும் வேரில் உள்ள சேமிப்பையும் பொறுத்தது. நலமாக நிற்கும் மரத்திலும் ஓர் ஆண்டில் உயிருள்ள இலைக்கொப்புகளில் காற்பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். மெலிந்த மரத்தில் அந்த ஆண்டு பட்ட கொப்புகளை மட்டும் எடுத்து, பச்சையைத் தொடாது விடுங்கள்.

இன்னுமொரு செய்தி. புதிய வீட்டுக்கு அத்திவாரம் வெட்டும்போதோ மலசலகூடக் குழி தோண்டும்போதோ பக்கத்து மரத்தின் வேர் அறுபட்டுவிடும். “வேர் குறைந்துவிட்டது, அதற்கு ஈடாக மேலேயும் குறைத்துவிடுவோம்” என்று கிளையை வெட்டுவது பழைய வழக்கம். இது உதவியல்ல. அறுந்த வேரை மீண்டும் வளர்க்க வேண்டிய உணவு இலையிலிருந்தே வர வேண்டும். ஆபத்தாகத் தொங்கும் கிளை தவிர மற்றவற்றை விட்டுவிடுங்கள். ஒரே ஆண்டில் மேலும் கீழும் வெட்டலாகாது.

4. மரத்தடிக்குப் போகுமுன்

எமது மண்ணில் இந்தப் பகுதியை எவரும் தாண்டிப் படிக்கக் கூடாது.

மிதிவெடி அகற்றப்பட்டதாக அறிவிக்கப்படாத காணிக்குள் மரம் பார்க்கவும் போக வேண்டாம். அகற்றப்பட்ட காணியிலும் வெடிக்காத எறிகணைகள் பின்னர் வெளிப்படுவதுண்டு. இரும்புப் பொருள் எதையாவது கண்டால் தொடாமலும் எறியாமலும் வந்த வழியே திரும்பி, கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவியுங்கள். பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். வெட்டிய குப்பையை வளவுக்குள் குவித்து எரிப்பதைத் தவிருங்கள். மண்ணுக்குள் எது கிடக்கிறதென்று தெரியாத இடத்தில் நெருப்பு மூட்டுவது உயிராபத்து. மரத்தடியில் நெருப்பு மேல்வேரையும் எரித்துவிடும்.

அடிமரத்தில் எறிகணைச் சிதறல் புதைந்திருக்கலாம். பட்டை வீங்கி மூடிய தழும்புகளைக் கண்டால் அந்த இடத்தில் வாள் போட வேண்டாம். பல் உடைவதோடு கைக்கும் சேதம் வரும்.

குளவிக்கூடு, பாம்புப் பொந்து, மின்கம்பி ஆகிய மூன்றையும் கீழே நின்றே பார்த்துக்கொள்ளுங்கள். கம்பியில் முட்டும் கிளையை மின்சார சபைக்கு அறிவித்தே வெட்டுவிக்க வேண்டும். மரத்தில் ஏறுபவர் தனியே ஏறக் கூடாது. பட்ட கொப்பில் கால் வைக்கவும் கூடாது.

அதன் பின் மரத்தின் உடல்நிலையைப் பாருங்கள். சிறு கொப்பின் பட்டையை நகத்தால் கீறினால் உள்ளே பச்சை தெரிகிறதா? சென்ற மழைக்கு வந்த தளிர் ஒரு சாண் அளவாவது நீண்டிருக்கிறதா? கத்தியின் பிடியால் அடிமரத்தைத் தட்டும்போது வெறும் பானைச் சத்தம் கேட்கிறதா? பச்சையும் நீண்ட தளிரும் இருந்தால் மரத்திடம் சேமிப்பு உண்டு. வெறும் பானைச் சத்தம் கேட்டால் உள்ளே கோறையாகியிருக்கும். வீட்டுப் பக்கம் சாயுமா என்பதை அனுபவமுள்ளவரைக் கொண்டு பார்ப்பியுங்கள்.

5. காடாகிய மாமரத்துக்கு மூன்றாண்டுத் திட்டம்

வடக்கில் மாமரம் பெரும்பாலும் தை, மாசியில் பூத்து வைகாசி முதல் ஆடி வரை காய் தருகின்றது. ஆகவே காய் பறித்து முடிந்த உடனே, ஆடிக் கடைசியிலோ ஆவணியிலோ வெட்டுவது நல்லது. பிறகு ஐப்பசி மழைக்கு வரும் தளிர் முற்றிப் பூப்பதற்கு அவகாசம் கிடைக்கும். மார்கழியில் வெட்டினால் பூக்க வேண்டிய நுனிகளையே வெட்டி எறிந்தவர்களாவோம். அடைமழையில் வெட்டினால் ஈரக் காயத்தில் பங்கசு ஏறும்.

முதலாம் ஆண்டு: பட்டவை, நோயுற்றவை, முறிந்தவை, ஒன்றோடொன்று உரசுபவை ஆகிய கொப்புகளை எடுங்கள். ஏறிப் படர்ந்த கொடிகளை அடியில் அறுத்து விடுங்கள்; காய்ந்த பின் இழுத்தால் கொப்பு முறியாது. குருவிச்சை இருந்தால் அது பற்றிய இடத்துக்கு ஓரடியாவது கீழே கொப்போடு வெட்ட வேண்டும். குருவிச்சையின் இலையை மட்டும் ஒடித்தால் அதன் உறிஞ்சி மரத்துக்குள்ளே இருந்து மீண்டும் முளைக்கும். இவ்வளவும் எடுத்தாலே பல மரங்களில் பாதி இருட்டு நீங்கிவிடும். அந்த ஆண்டுக்கு விறகும் தேறும். காற்பங்கு அளவு இன்னும் எட்டாதிருந்தால், நடுவில் நேரே மேலெழும் கிளைகளில் ஒன்றை எடுத்து வெயில் உள்ளே இறங்க வழிசெய்யுங்கள்.

இரண்டாம் ஆண்டு: உயரத்தைக் குறைக்கத் தொடங்குங்கள். கிளையை எங்கேயோ நடுவில் மொட்டையாக வெட்டாமல், வெளிப்புறம் நோக்கிச் செல்லும் ஒரு பக்கக் கிளை வரை வந்து வெட்டுங்கள். அந்தப் பக்கக் கிளை வெட்டப்படும் கிளையின் தடிப்பில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். அப்போது அது தலைமையை ஏற்றுக்கொள்ளும்; அதன் இலைகள் கீழே உள்ள வேருக்கு உணவை அனுப்பிக்கொண்டிருக்கும். முதலாம் ஆண்டு வெட்டில் வந்த துளிர்க் கொத்துகளில் நல்ல இடத்தில் உள்ள இரண்டு மூன்றை விட்டு, மற்றவற்றை இளமையிலேயே கிள்ளிவிடுங்கள்.

மூன்றாம் ஆண்டு: மீதி உயரக் கிளைகளை அதே முறையில் குறைத்து, ஏணியில் நின்று காய் பறிக்கக்கூடிய உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். வெட்டிய பக்கத்தில் ஒன்றிரண்டு பருவம் காய் குறையலாம். மற்றப் பக்கம் காய்த்துக்கொண்டிருக்கும். ஒரே நாளில் வெட்டியிருந்தால் முழு மரமும் அல்லவா நின்றுபோயிருக்கும்!

6. வெட்டும் முறை

பெரிய கிளையை ஒரே வெட்டில் மேலிருந்து வெட்டினால், பாதியில் அது முறிந்து அடிமரத்துப் பட்டையையும் உரித்துக்கொண்டு விழும். உணவு வேருக்கு இறங்கும் பாதை அந்தப் பட்டையே. ஆகவே மூன்று வெட்டாக வெட்டுங்கள். முதலில் அடிமரத்திலிருந்து ஓரடி தள்ளி, கீழ்ப்புறமிருந்து மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு வாள் போடுங்கள். பின் அதற்கு இரண்டு மூன்று அங்குலம் வெளியே, மேலிருந்து அறுத்தால் கிளை சுத்தமாக விழும். கடைசியாக எஞ்சிய குற்றியை அறுத்தெடுங்கள்.

அந்தக் கடைசி வெட்டு எங்கே என்பதே முக்கியம். கிளை அடிமரத்தோடு சேருமிடத்தில் ஒரு வீக்கம், மோதிரம் போலத் தெரியும். அந்த மோதிரத்துக்குச் சற்று வெளியே வெட்ட வேண்டும். நீண்ட குற்றி விட்டால் அது பட்டு, உக்கி, உள்ளே நோயைக் கொண்டுபோகும். அடிமரத்தோடு ஒட்ட வெட்டினால் மோதிரம் போய்விடும். அமெரிக்க வனச் சேவையில் ஆய்வாளராக இருந்த அலெக்ஸ் ஷைகோ (1930-2006) ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காக வாளால் பிளந்து இதை ஆராய்ந்தார். மனிதத் தோல் ஆறுவது போல மரக்காயம் ஆறுவதில்லை. மரம் காயத்தைச் சுற்றி உள்ளே தடுப்பு எழுப்பி, அதன்மேல் புதிய மரத்தை வளர்த்து மூடுகின்றது என்று அவர் காட்டினார். தடுப்பு எழும் இடம் அந்த மோதிரமே. தார் பூசுவதால் காயம் விரைவாக மூடுவதில்லை. கூரிய வாளும் சரியான இடமுமே மருந்து.

நிழலிலேயே இருந்த தடித்த கொப்புகளுக்குத் திடீரெனக் கடும் வெயில் பட்டால் பட்டை வெடிக்கும். அவற்றின் மேற்புறத்துக்குச் சுண்ணாம்பு நீர் பூசுங்கள்.

7. வெட்டிய பின் வேரைப் பேணல்

பலர் வேலை முடிந்துவிட்டது என்று கத்தியைக் கழுவி வைக்கும் நேரத்தில்தான் வேரின் கடினமான காலம் தொடங்குகின்றது.

இலை குறைந்ததால் மரம் குடிக்கும் தண்ணீரும் குறையும். ஆகவே கிணற்றுத் தண்ணீரை நாள்தோறும் தேக்கி நிறுத்த வேண்டாம். சேறாகக் கிடக்கும் மண்ணில் வேருக்கு ஒட்சிசன் கிடையாது. மண் காயத் தொடங்கும்போது, அடிமரத்தருகே அல்லாமல் கிளை நிழலின் விளிம்பில் நன்றாக ஊற வைத்து விடுங்கள்.

யூரியாவை உடனே அள்ளிப் போட வேண்டாம். அது மென்மையான துளிர்களைத் தள்ளிவிடும். அவற்றுக்கு வேண்டிய உணவையும் வேரின் சேமிப்பிலிருந்தே இழுக்கும். முதல் ஆண்டுக்குக் கூட்டெருவும் மாட்டெருவும் போதும்.

வெட்டிய கொப்பில் தடித்தவை விறகுக்கு. இலையும் சிறு கொப்பும் மரத்துக்கே சொந்தம். அவற்றைச் சிறிதாக நறுக்கி, கிளை நிழல் விழும் இடமெல்லாம் 3, 4 அங்குலத் தடிப்பில் பரப்புங்கள். அடிமரத்தைச் சுற்றி ஓரடி வெறுமையாக விடுங்கள். இல்லையேல் கறையான் ஏறும். குருவிச்சைக் கொப்பையும் நோயுற்ற கொப்பையும் இதில் சேர்க்க வேண்டாம். இந்த மூடுபடை மண்ணைக் குளிர்மையாக வைத்திருக்கும். மேல் மண்ணில் புதிய மெல்லிய வேர் ஓட இடம் தரும்.

மரத்தடியை ஆழமாகக் கொத்த வேண்டாம். பட்டினியிலிருந்து மீண்டுவரும் வேரை மண்வெட்டி அறுத்துவிடும். புல்லைக் கையால் பிடுங்குங்கள், அல்லது மேலோட்டமாகச் செதுக்குங்கள்.

8. எல்லா மரமும் ஒன்றல்ல

சீமைக்கிளுவை, பூவரசு, முருங்கை: இவை வெட்டைத் தாங்கும் மரங்கள். எமது முன்னோர் வேலியை வெட்டிக் குழையைப் புகையிலைத் தோட்டத்திலும் வயலிலும் தாழ்த்தியது வீண் வழக்கமல்ல. சீமைக்கிளுவையின் வேரில் காற்றிலுள்ள நைதரசனைப் பிடிக்கும் முடிச்சுகள் உண்டு. மேலே வெட்டும்போது மெல்லிய வேர்களிலும் முடிச்சுகளிலும் ஒரு பகுதி மடிந்து, நைதரசனை மண்ணுக்குக் கொடுக்கின்றது. வேரின் போட்டியும் சில வாரங்களுக்குக் குறைகின்றது. ஆகவே பயிர் நடுவதற்குச் சற்று முன் வேலியை வெட்டினால், குழையும் வெயிலும் மண்ணுக்கடியில் சத்தும் சேர்ந்து கிடைக்கும். ஆயினும் மீண்டும் இலை நிறைந்து முற்றிய பின்னரே அடுத்த வெட்டு. முருங்கையைக் காய்ப்பு முடிந்ததும் ஏறக்குறைய 3 அடி உயரத்தில் வெட்டலாம்.

தேசி, தோடை: பட்ட கொப்பு, உள்ளே நெருங்கிய கொப்பு ஆகியவற்றை மட்டும் எடுங்கள். ஒட்டுக்குக் கீழிருந்து வரும் முளைகளை உடனே நீக்குங்கள். அவை காட்டு வேரின் பிள்ளைகள், ஒட்டின் உணவைத் தின்பவை.

மாதுளை, கொய்யா: புதிய தளிரில் காய்ப்பவை. அளவாக வெட்டினால் நன்றாகவே காய்க்கும்.

பலா: அடிமரத்திலும் பெருங்கிளைகளிலும் காய்ப்பது. கடும் வெட்டை விரும்பாது. பட்ட கொப்பும் நெருக்கமும் நீக்கினால் போதும். பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைத் தறிப்பதற்கு 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி அனுமதி வேண்டும். முதலில் கிராம அலுவலரிடம் விசாரியுங்கள்.

தென்னை, பனை: இவற்றுக்கு ஒரேயொரு குருத்தே உண்டு. அது போனால் மரம் போயிற்று. பச்சை ஓலையை வெட்ட வெட்ட வேரும் காயும் மெலியும். காய்ந்த மட்டையை மட்டும் எடுங்கள். வேலிக்கும் கூரைக்கும் பனையோலை வேண்டுமென்றால் வெளி ஓலையை எடுத்து, குருத்தையும் அதைச் சூழ்ந்த இள ஓலைகளையும் விட்டுவிடுங்கள்.

9. வேரைப் பட்டினி போட வேண்டிய இடம்

கைவிடப்பட்ட வீட்டுச் சுவரிலும் கிணற்றுக் கட்டிலும் ஆலும் அரசும் முளைத்திருப்பதைக் காண்கின்றோம். அவற்றை ஒரு தடவை வெட்டிவிட்டுப் போனால் மழைக்கு மீண்டும் துளிர்க்கும். காரணம் இப்போது எமக்குத் தெரியும்: வேரில் சேமிப்பு இருக்கின்றது. ஆகவே துளிர் ஒரு விரல் நீளம் வரும்போதே கிள்ளுங்கள். மீண்டும் வந்தால் மீண்டும் கிள்ளுங்கள். இலை முற்றி உணவு அனுப்ப விடாமல் தொடர்ந்து செய்தால், சேமிப்பு கரைந்து வேர் செத்துப்போகும். மாமரத்துக்கு நாம் செய்யக் கூடாதென்று சொன்ன அதே செயலை இங்கே வேண்டுமென்றே செய்கின்றோம்.

ஆனால் தடித்த வேரை இழுத்துப் பிடுங்க வேண்டாம். பல ஆண்டுகளாகக் கல்லைப் பிளந்த அதே வேர், இப்போது கல்லைக் கட்டியும் வைத்திருக்கலாம். பிடுங்கியதும் கிணற்றுக் கட்டு உள்ளே சரிந்து ஆளையும் இழுத்துக்கொண்டு போகும். வேர் பட்ட பின்னர், மேசன் ஒருவரைக் கொண்டு சிறிது சிறிதாக எடுத்துப் பூசுவிக்க வேண்டும்.

10. இரவல் காணியில் இருப்போருக்கு

இன்னும் சொந்தக் காணிக்குத் திரும்பாதவர்கள், “எங்களுக்கு இந்தப் பாடம் எதற்கு?” என்று கேட்கலாம். நீங்கள் இருக்கும் வளவின் மரம் இன்னொரு குடும்பத்தின் உழைப்பு. அந்தக் குடும்பமும் எங்கோ இடம்பெயர்ந்திருக்கலாம். பட்ட கொப்பையும் வேலிக் குழையையும் உரிமையாளரிடம் கேட்டு எடுங்கள். உயிருள்ள பெருங்கிளையை அவர் சம்மதமின்றி வெட்ட வேண்டாம். உங்கள் காணியிலும் இன்று யாரோ குடியிருக்கக் கூடும். அவர்கள் எப்படி நடக்க வேண்டுமென்று நீங்கள் விரும்புகின்றீர்களோ, அவ்வாறே நீங்களும் நடவுங்கள்.

11. சிந்தனைக்கு

லூக்கா நற்செய்தியின் 13 ஆம் அதிகாரத்தில் காய்க்காத அத்திமரத்தின் உவமை வருகின்றது. மூன்று ஆண்டுகள் பழம் தேடி ஏமாந்த உரிமையாளர் மரத்தைத் தறிக்கச் சொல்கின்றார். தோட்டக்காரரோ இன்னும் ஓர் ஆண்டு தவணை கேட்கின்றார். அந்த ஓர் ஆண்டில் அவர் செய்யப்போவதாகச் சொல்வது கிளையில் அல்ல, மரத்தின் அடியில்: மண்ணைக் கிளறி எரு இடுதல். மரத்தைத் திருத்த விரும்புபவர் அதன் வேரிலிருந்து தொடங்க வேண்டும் என்று அந்தத் தோட்டக்காரர் அறிந்திருந்தார்.

இடம்பெயர்ந்து திரும்பிய மனிதருக்கும் இது பொருந்தும். திரும்பிய குடும்பத்தைப் பார்த்து, “இன்னும் ஏன் எழும்பவில்லை? வீடு தந்தோம், ஆடு தந்தோம் அல்லவா?” என்று கேட்கும் குரல்களை நாம் கேட்டிருக்கின்றோம். பல தடவை வெட்டுண்ட குடும்பம் துளிர்ப்பதைப் பார்த்து எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ணுவதும் தவறு. துளிர்க்கத் தாமதிப்பதைப் பார்த்துப் பட்டுவிட்டது என்று தீர்ப்பிடுவதும் தவறு. வேருக்கு உணவு இறங்கக் காலம் வேண்டும். அந்தக் காலத்தை மரத்துக்குக் கொடுப்பவர்கள், தமக்கும் தம் அயலவருக்கும் கொடுக்கத் தவறலாகாது.

12. குழுவாகக் கலந்துரையாட

அ. எமது கிராமத்தில் தலை முழுவதும் வெட்டப்பட்ட மரமொன்றைப் போய்ப் பாருங்கள். எத்தனை ஆண்டுகளுக்கு முன் வெட்டப்பட்டது? துளிர்கள் எந்த நிலையில் உள்ளன? அடிமரத்தில் கறையான் உண்டா?

ஆ. உங்கள் வளவில் உள்ள பெரிய மரம் ஒன்றின் கிளை நிழல் எல்லையை நிலத்தில் தடியால் கோடிடுங்கள். அந்த எல்லைக்கு வெளியே, பாத்தி ஓரத்தில் சிறிது மண்ணை மெதுவாக நீக்கி, மெல்லிய வேர் எவ்வளவு ஆழத்தில் உள்ளது என்று பாருங்கள், பின் மூடிவிடுங்கள். மிதிவெடி அகற்றப்பட்டு, நீங்கள் ஏற்கெனவே கொத்திப் பயிர் செய்யும் நிலத்தில் மட்டும் இதைச் செய்யுங்கள்.

இ. ஏணி, நல்ல வாள், கயிறு ஆகியவற்றை ஒவ்வொரு வீடும் வாங்க முடியாது. பத்து வீடுகள் சேர்ந்து பொதுவில் வைத்திருக்க முடியுமா? யார் பொறுப்பாக இருப்பார்?

ஈ. ஆடி, ஆவணியில் எந்த வீட்டு மரத்தை முதலில் எடுப்பது? ஆண்துணையில்லாத வீடுகளையும் முதியோர் தனித்திருக்கும் வீடுகளையும் பட்டியலின் மேலே எழுதிக்கொள்ளுங்கள்.